ஜல்லி வண்டியை நிறுத்திய கேமரா

ஆலங்காயம் பஸ் நிலையத்துக்கு எதிரே என்னுடைய ஜெராக்ஸ் கடை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் பிலிப்ராஜின் போட்டோ ஸ்டூடியோ, அதன் பின்கட்டிலேயே அவர் வீடு. பன்னிரண்டு வருடமாக அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிழைக்கிறேன். அதனால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. வேறு யாராவது சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். நானும் கூட்டிச் சொல்வேன்தான், ஆனால் எந்த இடத்தில் கூட்டினேன் என்பது எனக்குத் தெரியும்.

பிலிப்ராஜுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் படம் எடுப்பவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, அடுத்தவன் வீட்டு வம்பு கிடையாது. இப்படிப்பட்ட மனிதனை ஆண்டவன் சும்மா விடுவானா? ஒரு பைத்தியத்தைப் பிடித்துக் கொடுத்தான். அதுதான் ஜல்லி வண்டி.

வாணியம்பாடிப் பக்கம் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. கேட்டைத் தாண்டித் தண்டவாளம் வளைகிற இடத்தில் சடையன் என்பவரின் நிலக்கடலைக் கொல்லை. அந்த வரப்பில் நின்றால் தண்டவாளத்துக்குப் பின்னால் ஜவ்வாது மலை முழுசாகத் தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்த வழியாகக் கருங்கல் ஜல்லி ஏற்றிக்கொண்டு ஒரு கூட்ஸ் போகும். முன்னால் இரண்டு இன்ஜின், பின்னால் ஐம்பது பெட்டிக்குக் குறையாது. அது வரும்போது வரப்பு அதிரும், கடலைச் செடி நடுங்கும், பிலிப்ராஜும் நடுங்குவார். சடையன் நடுங்க மாட்டார், திட்டுவார்.

ஒருநாள் நானும் கூடப் போய்ப் பார்த்தேன். வண்டி வளைவில் தலை காட்டியதும் இந்த மனிதர், "அப்பிடியே வாங்க, நேரா பாருங்க, சூப்பர், சூப்பர்!" என்று இன்ஜினுக்குச் சொல்கிறார். கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. வண்டி போய் முடிந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"இருபது வருசமா மனுசங்கள எடுக்கறேண்ணா. எடுத்த எல்லாரும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க, கொஞ்சம் கலரா காட்டுங்கன்னு. இது கேட்டுதா? இத்தினி கல்ல இழுத்துக்கினு போவுது, மூஞ்சில அவ்ளோ தூசி. இன்னாவோ அது அதுவா கீது."

எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. ரயில் என்றால் ரயில். ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் கடலை பிடுங்கித் தின்றேன்.

வினை எங்கே வந்தது என்றால், வண்டி நிற்க ஆரம்பித்தது. முதல் தடவை சிக்னல் சிவப்பு. இரண்டாவது தடவை ஓர் எருமை, தண்டவாளத்தின் நடுவில் நின்றுகொண்டு அசை போட்டது. இரண்டு தடவையும் பிலிப்ராஜ் வரப்பில் கேமராவோடு இருந்தார். கேட் காவலர் குப்பன் இரண்டையும் பார்த்து மனதில் குறித்துக்கொண்டார். கேட்டில் வேலை பார்ப்பவருக்கு யோசிக்க நேரம் அதிகம்.

மூன்றாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை. எக்ஸ்பிரஸ் ஒன்று முந்திப் போக வேண்டும் என்று ஜல்லி வண்டியைச் சிக்னலில் போட்டுவிட்டார்கள். வண்டி சரியாகக் கேட்டின் குறுக்கே நின்றது. இந்தப் பக்கம் ஒரு கல்யாண வேன், உள்ளே மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பத்தரைக்கு ராகு காலம். மணி பத்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் ரேணுகாதேவி வேனிலிருந்து இறங்கி, "இன்னாய்யா, ஏன் நிக்கிது இது?" என்று குப்பனைக் கேட்டாள்.

சிக்னல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குப்பன் கையை நீட்டி வரப்பைக் காட்டினார். "அதோ அந்த ஆளு வந்து படம் புடிச்சாலே நிக்கிதுங்க. இதோட மூணு வாட்டி."

வரப்பில் பிலிப்ராஜ், நின்ற வண்டியை விதவிதமாக எடுத்துக்கொண்டு, சிரித்த முகமாக இருந்தார். தாலி ராகு காலத்தில் ஏறியது. ரேணுகாதேவியின் வாய் அன்று மாலைக்குள் ஆலங்காயம் வரைக்கும் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் போட்டோகாரருக்குக் கைராசிதான் முதல். படம் கொஞ்சம் மங்கினால் மன்னிப்பார்கள். கால் வெட்டுப்பட்டால்கூட, 'போகட்டும், மூஞ்சி இருக்குதே' என்பார்கள். ராசி இல்லை என்று பேர் வந்துவிட்டால் வாசற்படி மிதிக்க மாட்டார்கள். "ரயிலயே நிறுத்துன கேமரா, என் பொண்ணு வாழ்க்கைய நிறுத்தாதா?" என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? ஆவணி மாதம் முழுக்க ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சில்லறை கேட்டு வந்தார். இன்னொருவர் மழைக்கு ஒதுங்கினார்.

பிலிப்ராஜ் வெறுப்பில் கொதித்தார். "இதெல்லாம் மூடநம்பிக்கைண்ணா. எழுவது வண்டி எடுத்திருக்கேன். மூணுதான் நின்னுச்சி. மீதி வண்டிங்க இன்னா பாவம் பண்ணுச்சி, அதை ஏன் எவனும் பேச மாட்டேங்கறான்?"

அவர் மனைவி மெர்சிலின் நியாயமெல்லாம் பேசவில்லை. ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம், கல் உப்பும் மிளகாயும் கையில் வைத்துக்கொண்டு கேமராவை மூன்று சுற்று சுற்றினாள். "இயேசப்பா, இந்த ஒரு வாட்டி மட்டும் கண்டுக்காதீங்க" என்று சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. மிளகாயை அடுப்பில் போட்டதும் நெடி கிளம்பி அக்கம் பக்கத்துக் கடையெல்லாம் இருமியது. பிலிப்ராஜ் இருமிக்கொண்டே எழுந்து, "இன்னா, கொழம்பு தாளிக்கறியா?" என்றார். ஆமாம் என்றாள்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஊர் பார்க்க, வெட்டவெளியில், ஜல்லி வண்டியைப் படம் எடுப்பது. வண்டி நிற்காமல் போகும், ஊர் வாய் மூடும். கல்யாண மண்டபத்து மேனேஜர் வெற்றிவேலைத்தான் முக்கியமாக அழைத்தார். மண்டபத்துக்காரர் ஒருவர் நல்ல வார்த்தை சொன்னால் போதும், பழையபடி கூப்பிடுவார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் நாற்பது பேர் இரண்டு மினி வேனில் கிளம்பினோம். வேலை வெட்டி இல்லாதவர்கள் இந்த ஊரில் இவ்வளவு பேரா என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நானும் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போனேன்.

வெற்றிவேல் நல்ல மனசுக்காரர். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கி வந்திருந்தார். வண்டி வளைவில் தெரிந்ததும் அதன் மேல் கற்பூரத்தை ஏற்றி, தண்டவாளத்தைப் பார்த்து நின்று, "கண்ணு பட்டதெல்லாம் போ, கண்ணு பட்டதெல்லாம் போ!" என்று பெரிய பெரிய வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தார். பிலிப்ராஜ் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

இரண்டு இன்ஜினும் வானத்தைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்தன. சக்கரங்கள் கிறீச்சிட்டன. ஐம்பது பெட்டியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முனகின. சரியாக எங்களுக்கு எதிரே வந்து ஜல்லி வண்டி நின்றது.

டிரைவர் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினார். "இன்னாய்யா ஆச்சு? தண்டவாளம் ஒடஞ்சிடுச்சா?"

வெற்றிவேல்தான் எரிகிற பூசணிக்காயோடு முன்னால் போனார். "ஒண்ணும் ஆவலைங்க."

"அப்புறம் ஏன்யா நெருப்ப சுத்தன? பாதை ஓரம் எவனாச்சும் எதையாச்சும் வேகமா சுத்துனா ஆபத்துன்னு அர்த்தம்யா. நாங்க வண்டிய நிறுத்தியே ஆவணும்!"

"உங்க வண்டி நிக்கக் கூடாதுன்னுதாங்க சுத்தனேன்" என்றார் வெற்றிவேல்.

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எங்கள் நாற்பது பேரையும் பார்த்தார். அவருடைய சர்வீஸில் இப்படி ஒரு கும்பலைப் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அதில் பாதி தெலுங்கு.

வேனில் திரும்பி வரும்போது நான் தொண்டை கிழியப் பேசினேன். பூசணிக்காயால் நின்றது, கேமராவால் இல்லை, டிரைவரே சொல்லிவிட்டார் என்றேன். வெற்றிவேல் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிண்ணா. நின்னுதா, இல்லியா?" என்றார். நாற்பது பேரும் ஆமாம் நின்றது என்றார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. ஸ்டூடியோவுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. ராணியம்மாள் தன் புருஷனைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தாள். "இந்தாள ஒரு போட்டோ எடுங்க. குடி நிக்கட்டும்." பிலிப்ராஜ் மாட்டேன் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். அவள் நகரவில்லை. எடுத்தார். அந்த வாரமே அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து, இனிக் குடித்தால் செத்தாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடி நின்றது. பேர் யாருக்கு? கேமராவுக்கு. அமிர்திப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, கொல்லையில் காட்டுப்பன்றி தொல்லை என்று கூட்டிப்போனார். பன்றி தின்று முடித்துப் போன பிறகுதான் இவர் போய் வெறும் கொல்லையை எடுத்தார். அப்புறம் பன்றி வரவில்லை. அங்கே என்ன இருக்கிறது வருவதற்கு? விக்கல் எடுத்த குழந்தை, விடாமல் பேசுகிற மாமியார் என்று தினம் ஒன்று வந்தது. மாமியார் கேஸை மட்டும் நானே திருப்பி அனுப்பினேன். அந்த அம்மாள் எனக்குத் தூரத்து உறவு.

வேலை வந்ததே என்று மெர்சிலின் சந்தோஷப்படவில்லை. "பன்னிக்கி கூப்புடறாங்க, ஒரு காதுகுத்துக்குக் கூப்புட மாட்டேங்கறாங்களே" என்று ஒருநாள் என் கடை வாசலில் நின்று அழுதாள். பிலிப்ராஜ் அழவில்லை. ஆனால் மண்டபத்தில் மேளம் கேட்டால் ஸ்டூடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். எனக்கு அது பொறுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் தேவயானி வந்தாள். காவலூர் தாண்டி மேலே ஒரு மலைக் கிராமத்துப் பெண். வேலூரில் நர்சிங் இரண்டாம் வருடம். சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தவளிடம், மெஷின் சூடாகும்வரை சும்மா இருப்பானேன் என்று நான்தான் ஜல்லி வண்டிக் கதையை முழுக்கச் சொன்னேன். சொல்லும்போது ரயில் நின்ற எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். கூட்டிய இடம் தெரியும் என்றேனே, இதுதான் அது. அவள் சிரிக்காமல் கேட்டாள். "நெஜமா நிக்குமாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா கோபால்சாமி ஸ்டூடியோவுக்கு வந்தார். மலையில் சாமையும் புளியும் வைத்திருப்பவர். பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், படம் எடுக்க வரவேண்டும், பெண்ணே இந்த ஸ்டூடியோதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள் என்றார். கீழே நடந்த கூத்தெல்லாம் அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் செங்கம், அவர்களுக்கும் தெரியாது.

பிலிப்ராஜ் அவரை அனுப்பிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிச்சயதார்த்தம்ணா! நல்ல காரியம்ணா!" கண் கலங்கியிருந்தது. மெர்சிலின் அவருடைய வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். லைட் பிடிக்க ஆள் இல்லை என்று என்னையும் இழுத்துப் போனார்.

மலையில் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை ராஜ்குமார் சொந்தமாகப் பொக்லைன் வைத்திருந்தார். மேலே ரோடு வேலைக்கு வந்திருந்த அந்த மஞ்சள் வண்டியை, மாலை போட்டுப் பந்தலுக்கு எதிரிலேயே நிறுத்தியிருந்தார். முதல் படம் அதன் கூடத்தான் வேண்டும் என்றார். பிலிப்ராஜுக்கு இதைவிட என்ன வேண்டும்? "லைட்டுங்க எல்லாத்தையும் போடுங்க, முகம் தெரியட்டும்" என்று வண்டியின் எல்லா விளக்கையும் போடவைத்து இருபது படம் எடுத்தார். மாப்பிள்ளை அதில் ஓரத்தில் எங்கோ இருந்தார்.

பிறகு பெண்ணைத் தனியாக எடுக்க வீட்டுக்குப் பின்னால் புளிய மரத்தடிக்குப் போனோம். தேவயானி பட்டுப்புடவையில் விறைப்பாக நின்றாள்.

"கொஞ்சம் சிரிம்மா."

"சிரிப்பெல்லாம் வேணாங்க சார். நல்லா நாலு பக்கமும் எடுங்க. நிக்கணும்."

பிலிப்ராஜ் கேமராவைக் கீழே இறக்கினார். "இன்னா நிக்கணும்?"

"இந்தக் கல்யாணம். கட்டிக்கினா படிப்ப வுட்டுடணும்னு சொல்லிட்டாங்க. அப்பா கைல சொல்லிப் பாத்துட்டேன், நல்ல எடம் போனா வராதுங்கறாரு. நீங்க எடுத்தா எதுவும் நின்னுடும்னு இந்த அண்ணன்தான் சொன்னாரு."

பிலிப்ராஜ் திரும்பி என்னைப் பார்த்தார். நான் லைட்டைப் பிடித்துக்கொண்டு புளிய மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. அது வெறும் கேமரா" என்றார். ராசிக்காரர் என்று நம்பி அழைத்தார்கள் என்று நினைத்து மலையேறி வந்த மனிதர்.

அவள் நம்பவில்லை. "எடுங்க சார்" என்றாள். எடுத்தார்.

சோதனையாக, அன்று எல்லாமே எண்ணெய் போட்ட மாதிரி நடந்தது. மழை வரவில்லை, ஜெனரேட்டர் நிற்கவில்லை, சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பிலிப்ராஜின் தோளில் தட்டினார். "இன்னா கைராசி சார் உங்களுது! இவ்ளோ அம்சமா எந்தக் காரியமும் நடந்ததில்ல. தையில எங்க வூட்ல மூணு கல்யாணம். மூணுக்கும் நீங்கதான். செங்கம் பூரா சொல்லிடறேன்."

ஒரு வருடமாக எந்த வார்த்தைக்கு அந்த மனிதர் ஏங்கினாரோ, அந்த வார்த்தை. நான் லைட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டலாமா என்று பார்த்தேன். தட்டு மாற்ற எல்லாரும் எழுந்தார்கள். தேவயானி பந்தலின் அந்தப் பக்கத்திலிருந்து கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பஸ் வருமா என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

பிலிப்ராஜ் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினார். "ஐயா, ஒரு நிமிசம். தட்டு மாத்தறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். குப்பன் கண்ட மூன்று வண்டி, ராகு காலத்தில் ஏறிய தாலி, நாற்பது பேர் பார்க்க நின்ற நான்காவது வண்டி, ராணியம்மாள் புருஷன், காட்டுப்பன்றி. எதை மூடநம்பிக்கை என்று ஒரு வருடம் கத்தினாரோ அதையெல்லாம் ஒன்று விடாமல் அடுக்கினார். போனில் இருந்த நின்ற வண்டிகளின் படங்களையும் காட்டினார். "நான் படம் எடுத்தா ஓடறது ஓடாதுங்க. மறைச்சா பாவம். ஆலங்காயத்துல யாரை வேணா கேளுங்க. இதோ இந்த அண்ணன கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்ன செய்வேன்? "ஆமாங்க. நின்னுது" என்றேன்.

மாமா அதைச் சிரித்தே ஒதுக்கப் பார்த்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவருக்கு இருபது படம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரே ஓட்டமாக ஓடிப் பொக்லைனில் ஏறிச் சாவியைத் திருப்பினார். டிக் என்றது. மறுபடி திருப்பினார். டிக். காலையிலிருந்து எல்லா விளக்கும் எரிந்துகொண்டே இருந்தன, யாரும் அணைக்கவில்லை. பேட்டரி படுத்துவிட்டது. அதைச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். பிலிப்ராஜ் என் காலை மிதித்தார்.

அரை மணியில் செங்கத்துக்காரர்கள் தட்டோடு கிளம்பிவிட்டார்கள். மாமா போகும்போது பிலிப்ராஜைச் சுற்றிக்கொண்டு தூரமாகப் போனார். கோபால்சாமி கத்தினார், கையை ஓங்கினார், பிறகு பந்தக்காலில் சாய்ந்து உட்கார்ந்தார். தேவயானி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டு அவளைப் பார்க்காமலே, "இவன் படம் புடிச்ச பொண்ண இனி எவன் வந்து கேப்பான்? போ, போயி படிப்பயாவது முடி" என்றார்.

இறங்கும் வழியில் மெர்சிலின் போன் செய்தாள். நல்லபடியாக நடந்ததா என்று கேட்டாள். "வூட்டுக்கு வந்து சொல்றேன்" என்றார். வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரோ தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுநாள் அவள் எனக்கும் சேர்த்து டீ கொண்டுவந்தாள்.

இப்போது செங்கம் வரைக்கும் பேர் போயிருக்கிறது. எங்கும் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. வெற்றிவேல் தன் மண்டபத்து வாசல் பக்கமாகக்கூடக் கேமராவோடு வராதீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஜல்லி வண்டிக்கு மட்டும் வஞ்சனை இல்லாமல் போய் வருகிறார். அது நிற்காமல்தான் போகிறது.

போன மாதம் தேவயானி வந்தாள். வருடப் பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டும், அன்றுதான் கடைசி நாள். பிலிப்ராஜ் மலர்ந்துபோனார். ஸ்டூலில் உட்காரவைத்தார், துப்பட்டாவைச் சரி பண்ணச் சொன்னார், கேமராவைக் கண்ணில் வைத்தார். அப்படியே நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு கேமராவைக் கொண்டுவந்து என் ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்தார்.

"இன்னா பிலிப்பு? நீதான் இதெல்லாம் நம்ப மாட்டியே" என்றேன்.

"நான் நம்பலண்ணா. ஆனா படிப்பு அந்தப் பொண்ணுது இல்லியா?"

அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு, அடுத்த தெருவில் அவருக்குப் போட்டியாகக் கடை போட்டிருக்கிற வில்சனிடம் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே நடந்தேன். வில்சனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு பாஸ்போர்ட் போட்டோவுக்கா என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டான். இருபது வருடம் மாவட்டம் பூராவும் மேடை ஏறிப் படம் எடுத்த மனிதர், அந்தச் சின்னப் பையன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"பாஸ்போர்ட் சைஸு எனக்கு சரியா வராதுப்பா. நீ எடுத்துக் குடு."